சாட்சிக் கூண்டில் கைப்பேசி

சென்ற மே மாதம் நான் ஒரு தவறு செய்தேன். அதை மறைத்துவிட்டு ஊருக்கு உபதேசம் செய்வது முறையன்று. ஆகவே முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

மே 18, முள்ளிவாய்க்கால் நினைவு நாள். சாலைக் கடைத்தெருவில் ஒரு மளிகைக் கடையின் மாடியில் இருக்கிறது என் அறை. கீழே மிளகாய் நெடி. எதிர்ச்சாரியில் தோவாளையிலிருந்து வந்திறங்கும் பூக்கூடைகள். நாள் முழுவதும் பாதித் தமிழும் பாதி மலையாளமுமாகப் பேரம். இந்தச் சந்தடியெல்லாம் ஓய்ந்து, அண்ணாச்சி பலகை அடுக்கிக் கடை சாத்திய பிறகு, இரவு பத்து மணிக்கு என் கைப்பேசிக்கு ஒரு படம் வந்தது. கண் கட்டப்பட்ட மனிதர்கள், இராணுவ உடை, துப்பாக்கி. பின்னணியில் உருக்கமான பாட்டு. மேலே சிவப்பு எழுத்தில், ‘ஈழத்தில் நடந்த கொடுமை, இதைப் பகிராதவன் தமிழனல்லன்’ என்றொரு சாபம். நான் தமிழன்தான் என்று மெய்ப்பிக்க ஒரு விரல் அசைவு போதுமாயிருந்தது. நம் மாணவர் குழு உட்பட ஏழு குழுக்களுக்கு அனுப்பிவிட்டு, கடமையாற்றிய நிறைவோடு உறங்கிப் போனேன்.

காலையில் நண்பன் ஒருவன் வந்து கதவைத் தட்டினான். தமிழ்நாட்டில் ஒரு முகாமில் பிறந்து வளர்ந்தவன்; நம்மோடு படிப்பவன். பெயர் வேண்டா.

“மச்சான், நீ அனுப்பினது எங்கட ஊர் இல்லை. அந்த மண்ணைப் பார், எங்கட மண்ணே இல்லை. அவங்கள் கதைக்கிறதும் சிங்களம் இல்லை. காது குடுத்துக் கேட்டியா?”

கேட்கவில்லை. பாட்டுக்கு அடியில் மெலிதாக ஒலித்த பேச்சு அரபு மொழி. எந்த நாட்டிலோ எந்தத் தாயோ பெற்ற பிள்ளைகள் சாகிறார்கள்; அவர்களுடைய சாவைத் திருடி நம்முடைய சாவு என்று பெயர் சூட்டிவிட்டிருக்கிறார் யாரோ ஒரு புண்ணியவான். திருட்டுச் சொத்தை ஏழு வீட்டுக்குப் பங்கு வைத்தவன் நான்.

“ஒரு பொய்ப் படம் போனால் போதும், உண்மைப் படத்தையும் பொய்யெண்டு சொல்ல அவங்களுக்கு லேசாப் போயிடும்” என்றான் அவன். சினந்து சொல்லவில்லை, அதனால்தான் எனக்கு இன்னும் வலிக்கிறது.

நண்பர்களே, அந்த உண்மைப் படத்தின் வரலாற்றை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? 2009-ஆம் ஆண்டு மே மாதம் போர் முடிந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 25-ஆம் நாள் இங்கிலாந்தின் ‘சேனல் 4’ தொலைக்காட்சி ஒரு கைப்பேசிப் படத்தை ஒளிபரப்பியது. ஆடை களையப்பட்டு, கைகள் பின்னே கட்டப்பட்ட ஆடவரை இராணுவ உடையணிந்தோர் ஒருவர்பின் ஒருவராகச் சுட்டுக் கொல்லும் காட்சி அது. இலங்கையை விட்டு வெளியேறிய இதழாளர் அமைப்பொன்றின் வழியாகத் தொலைக்காட்சிக்குக் கிடைத்தது. அதை எடுத்தவர் போர்முனைக்குச் சென்ற செய்தியாளர் அல்லர். செய்தியாளர் எவரையும் அங்கே தாராளமாகச் செல்ல விட்டதில்லை. கொல்வோர் கூட்டத்தில் நின்ற ஒருவர் கையிலிருந்த கருவிதான் அதை எடுத்திருக்க வேண்டும். ‘எங்கள் வெற்றியைப் பாருங்கள்’ என்று தோழர்களுக்குக் காட்ட எடுத்த படம் உலகத்தின் முன் சாட்சியாக வந்து நின்றது.

‘பொய், பொய்’ என்றது கொழும்பு அரசு. அப்போது ஐக்கிய நாடுகள் சபையின் சிறப்பு அறிக்கையாளராக இருந்தவர் பிலிப் ஆல்ஸ்டன். அவர் மேடையேறி முழங்கவில்லை. துப்பாக்கி அறிந்தவர் ஒருவர், பிணக்கூறு அறிந்தவர் ஒருவர், படக்கூறு அறிந்தவர் ஒருவர் என மூவரை அமர்த்தினார். 2010 சனவரியில் அவர்கள் முடிவு வந்தது: படம் உண்மையானதாகவே தோன்றுகிறது. இதில் நம் கவனத்துக்குரியது, அவர்கள் தமக்குப் புரியாதவற்றையும் மறைக்காமல் எழுதியமை. படத்தின் உள்ளே பதிந்திருந்த தேதி 2009 சூலை 17. போர் முடிந்து இரண்டு மாதம் கழிந்த நாள்! இறுதியில் தொடர்பற்ற பதினேழு சட்டங்கள் ஒட்டியிருந்தன. வீழ்ந்தவர்களின் சில அசைவுகள் விளங்கவில்லை. இவற்றையெல்லாம் வெளிப்படையாக எடுத்து வைத்து, இவற்றுக்கு விளக்கம் உண்டு, இவை முடிவை மாற்றா என்று காட்டினார்கள். நாமாக இருந்தால் அந்தத் தேதியைத் துடைத்துவிட்டு ஒரு பாட்டும் சேர்த்திருப்போம். மறுநாளே எதிர்த்தரப்பு வழக்கறிஞர் நம்மைக் கூண்டில் நிறுத்திக் கிழித்திருப்பார்.

பின்னர் அதே படத்தின் நீண்ட வடிவம் கிடைத்தது. ஆல்ஸ்டனுக்குப் பின் வந்த கிறிஸ்டாஃப் ஹெயின்ஸ் அதையும் ஆராய்ந்து, 2011-இல் மனித உரிமை மன்றத்தின் முன் வைத்தார். அதில் கிடந்த பெண்ணுடல்களில் ஒன்று தொலைக்காட்சி அறிவிப்பாளர் இசைப்பிரியாவுடையது என்று அடையாளம் காணப்பட்டது. அவர் சண்டையில் மாண்டார் என்பது அரசின் கூற்று. 2013 நவம்பரில் வெளிவந்த மற்றொரு படத்தில் அவர் உயிரோடு படையினர் கையில் இருந்தார். ஒரு படம் மட்டும் இருந்திருந்தால் அது பிணத்தின் படம். இரண்டாவது படம் சேர்ந்தபோதுதான் அது குற்றத்தின் படமாயிற்று. அதே 2013-இல்தான், பன்னிரண்டு வயதுச் சிறுவன் பாலச்சந்திரன் பதுங்குகுழியில் உட்கார்ந்து தின்பண்டம் தின்னும் படமும், மார்பில் குண்டு துளைத்துக் கிடக்கும் படமும் அடுத்தடுத்து வந்தன. மார்ச்சில் சென்னை இலயோலா கல்லூரி மாணவர் எண்மர் உண்ணாநோன்பு தொடங்க, தமிழ்நாட்டுக் கல்லூரிகள் அனைத்தும் கொந்தளித்தன. ஒரு படம் செய்ய முடிந்ததை அன்று கண்டோம்.

ஒரு படம் செய்ய முடியாததையும் சேர்த்தே கண்டோம். அந்தக் கொலைகளுக்காக இன்றுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை.

ஏன்? சான்று குறைவு என்பதாலா? இல்லை. நீதிமன்ற வாசல் இல்லை என்பதால். தி ஹேக் நகரிலுள்ள அனைத்துலகக் குற்றவியல் நீதிமன்றம் 2002 முதல் இயங்குகிறது. உறுப்பு நாட்டின் மண்ணில் நடந்த குற்றத்தையோ, உறுப்பு நாட்டுக் குடிமகன் செய்த குற்றத்தையோ அது விசாரிக்கும். இல்லையேல் பாதுகாப்புச் சபை அனுப்பி வைக்க வேண்டும். இலங்கை உறுப்பு நாடு அன்று. பர்மாவும் உறுப்பு நாடு அன்று. ஆனால் ரோகிங்கியா மக்கள் துரத்தப்பட்டுச் சேர்ந்த வங்காளதேசம் உறுப்பு நாடு. எல்லை தாண்டித் துரத்திய குற்றத்தின் ஒரு பாதி வங்க மண்ணில் நிகழ்ந்தது என்ற நுட்பமான வாதத்தைக் கொண்டு 2019-இல் அங்கே விசாரணைக் கதவு திறந்தது. நம்மவர் படகேறி வந்து இறங்கிய கரை எது? இராமேசுவரம். இந்தியாவும் அந்த உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. ஆகவே அந்தக் கதவு இந்தக் கரையிலிருந்து திறக்காது. சிங்கள அரசைத் திட்டும் நம் மேடைகளில் தில்லியை நோக்கி இந்தக் கேள்வியை எழுப்பியவர் எத்தனை பேர்? நான் கேட்டதில்லை, நீங்கள் கேட்டிருந்தால் மகிழ்ச்சி.

வாசல் இருந்த இடத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். லிபியாவைப் பாதுகாப்புச் சபை 2011-இல் நீதிமன்றத்துக்கு அனுப்பியது. பெங்காசி நகரில் மகமூத் அல்வெர்ஃபல்லி என்ற படைத்தலைவன் கைதிகளை மண்டியிட வைத்துச் சுடும் படங்கள் சமூக வலைத்தளங்களில் உலா வந்தன. 2017 ஆகஸ்ட் 15-ஆம் நாள் அந்நீதிமன்றம் அவனைப் பிடிக்க ஆணை பிறப்பித்தது. ஏழு நிகழ்ச்சிகள், முப்பத்து மூன்று கொலைகள். அந்த ஆணைக்குப் பெரும் ஆதாரமாக நின்றவை அந்தப் படங்களே. அந்நீதிமன்ற வரலாற்றில் அது புதுமை. அடுத்த சனவரியில் பள்ளிவாசல் ஒன்றன் எதிரே அவன் பத்துப் பேரைக் கொல்லும் படம் வந்தது. இரண்டாம் ஆணையும் வந்தது. ஆணை பறந்ததே ஒழிய ஆள் பிடிபடவில்லை. 2021 மார்ச்சில் பெங்காசித் தெருவில் யாரோ அவனைச் சுட்டுக் கொன்றார்கள். வழக்கு அத்தோடு மூடப்பட்டது.

சுவீடனில் நடந்தது இன்னும் சுவையானது. சிரியாவில் 2012-இல் கிளர்ச்சிப் படையைச் சேர்ந்த ஒருவன் கைதிகளைச் சுட்டான். பிறகு சுவீடனுக்குப் போய்க் குடியேறினான். படம் சிக்கியது. ‘முறையாக வழக்கு நடத்தித் தீர்ப்பளித்த பிறகே தண்டனையை நிறைவேற்றினோம்’ என்று வாதாடினான். அந்தக் கைதிகள் என்று பிடிபட்டார்கள் என்பதை இணையத்தில் கிடந்த மற்றப் பதிவுகளைக் கொண்டு அரசுத் தரப்பு நிறுவியது. பிடித்ததற்கும் கொன்றதற்கும் இடையே இரண்டு நாள் கூட இல்லை! இரண்டு நாளில் எந்த நீதிமன்றம் எந்த வழக்கை நடத்தும்? 2017-இல் சுடாக்கோம் நீதிமன்றம் அவனுக்கு ஆயுள் தண்டனை விதித்தது. கொலையைக் காட்டிய படத்தைப் போலவே நாளைக் காட்டிய சாதாரணப் பதிவுகளும் அங்கே வேலை செய்தன. உணர்ச்சி ஊட்டாத படம் என்று நாம் தள்ளிவிடுவது எதுவோ, அதுவே நாளை கழுத்தைப் பிடிக்கும் கையாக இருக்கலாம்.

இந்த இடத்தில் சாலைக்காரன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். நம் கடைத்தெருவுக்கு அண்மையில் இருக்கிறது வலியசாலை. முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தி முதலிலேயே எடுத்துப் புகழும் காந்தளூர்ச் சாலை இதுவே என்பர் பலர். விழிஞத்துப் பக்கம் என்பாரும் உளர். அந்நாளில் சாலை என்பது மாணவர் தங்கி உண்டு கற்ற நிறுவனம். அங்கே அவன் ‘கலம் அறுத்தான்’ என்கிறது கல்வெட்டு. கலம் என்றால் மரக்கலமா, உண்கலமா? கப்பலை உடைத்தானா, மாணவரின் சோற்றை நிறுத்தினானா, பங்கீட்டை ஒழுங்கு செய்தானா? ஆயிரம் ஆண்டு கடந்தும் அறிஞர் சண்டை ஓயவில்லை. காரணம் எளிது: நமக்குக் கிடைத்தது வென்றவன் தன் பெருமைக்கு வெட்டி வைத்த கல் மட்டுமே. அந்தச் சாலையில் படித்த மாணவன் ஒருவன் ஓர் ஓலை நறுக்கில் நாலு வரி எழுதி வைத்து அது நம் கைக்கு வந்திருந்தால், இந்த வழக்கு என்றோ தீர்ந்திருக்கும். சோழன் பெருமையில் குறை காண இதை நான் சொல்லவில்லை. அவன் கல்லைப் படித்து மகிழ்பவர்களில் நானும் ஒருவன்.

படம் எடுத்தவனை விட்டுப் பேச்சை எடுத்தவனிடம் வருவோம். சுட்டவன் மட்டுமா குற்றவாளி, ‘சுடு’ என்று ஊரைத் தூண்டியவனுமா? இந்தக் கேள்விக்கு அனைத்துலகச் சட்டம் 1946-லேயே விடை சொல்லிவிட்டது. செருமனியில் யூதர்மேல் வெறுப்பைக் கக்கிய இதழை நடத்திய சுட்ரைக்கர் தன் கையால் எவரையும் கொன்றதாக வழக்கில்லை. நியூரம்பர்க்கில் அவனைத் தூக்கிலிட்டார்கள். 1994-இல் ருவாண்டாவில் நூறு நாளில் ஏறத்தாழ எட்டு இலட்சம் பேர் கொல்லப்பட்டபோது, கொல்லச் சொல்லி வழிகாட்டியது ஒரு வானொலி. அதை நடத்தியவர் இருவரும், பத்திரிகை நடத்திய ஒருவரும் 2003-இல் ஆருசா நீதிமன்றத்தில் தண்டனை பெற்றனர். மேல் முறையீட்டில் தண்டனை குறைந்தது, குற்றம் நீங்கவில்லை.

வானொலிக்கு நிலையம் உண்டு, ஆசிரியர் உண்டு, உரிமையாளர் உண்டு. முகநூலுக்கு? எழுதுபவன் ஒருவன், பரப்புபவர் பதினாயிரம் பேர், எது மேலே வர வேண்டும் என்று முடிவு செய்வது ஓர் இயந்திரம், இலாபம் எடுப்பது ஒரு கம்பெனி. ரோம் உடன்படிக்கையின்படி குற்றவியல் நீதிமன்றம் மனிதர்களைத்தான் விசாரிக்கலாம். கம்பெனியைக் கூண்டில் ஏற்ற முடியாது. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்துத் திகனையில் முசுலிம் மக்களின் கடைகளும் வீடுகளும் எரிந்தன. வெறுப்பை வளர்த்ததில் முகநூலுக்குப் பங்கு இருந்தது. சிங்களத்தில் எழுதப்பட்டதைப் படித்துப் பார்த்துத் தடுக்கப் போதிய ஆள் அந்தக் கம்பெனியிடம் இல்லை. அரசு சில நாள் வலைத்தளங்களையே முடக்கியது. 2020-இல் கம்பெனி வருத்தம் தெரிவித்தது. எரிந்த கடைக்காரனுக்கு அந்த வருத்தத்தால் ஒரு மூட்டை அரிசி வந்திருக்குமா என்று எனக்கு ஐயம்தான். ஆளைப் பிடிக்கும் சட்டம் உலகுக்குப் போதாது, தெரிந்தே தீயை விற்கும் நிறுவனத்தையும் பிடிக்க வேண்டும் என்பது என் கட்சி. சட்டத் துறை நண்பர்கள் மறுத்து எழுதினால் அடுத்த இதழில் படிக்கக் காத்திருக்கிறேன்.

கம்பெனி செய்யும் தீங்கு இன்னொன்று உண்டு. அதை நாம் நன்மை என்று எண்ணிக் கொண்டிருக்கிறோம். கொடூரப் படங்களை அது அழிக்கிறது. குழந்தைகள் பார்க்கக் கூடாது, சரி. ஆனால் 2017-இல் யூடியூப் புதிய இயந்திரக் கண்ணை ஏவியபோது, சிரியப் போரை ஆவணமாக்கி வைத்திருந்தவர்களின் ஆயிரக்கணக்கான படங்கள் மறைந்தன. போர் வெறியனின் விளம்பரத்தையும் போரின் சாட்சியத்தையும் இயந்திரம் பிரித்தறியவில்லை. பர்மியப் படைத்தலைவர்களின் பக்கங்களை முகநூல் 2018 ஆகஸ்டில் நீக்கியது. நீக்கியவற்றைப் பத்திரமாக வைத்திருப்பதாகவும் சொன்னது. சொன்னதை உலக நீதிமன்றத்தில் வழக்காடிய காம்பியா நாடு கேட்டபோது, அமெரிக்கச் சட்டத்தைக் காட்டி மறுத்தது. வாசிங்டனில் ஒரு நீதிபதி கொடு என்றார். மேலே இருந்த நீதிபதி பெரும்பகுதிக்கு வேண்டா என்றார். நம் இனத்தின் சாட்சியங்களும் இப்படி ஏதோ ஓர் ஊரின் இயந்திரக் கிடங்கில், ஏதோ ஒரு கம்பெனியின் மனம்போல் கிடப்பவைதாம்.

ஆகவே சேர்த்து வைக்கும் பொறுப்பு நம்முடையது. மனித உரிமை மன்றம் 2021 மார்ச்சில் செய்த தீர்மானத்தால், இலங்கைக் குற்றங்களின் சான்றுகளைத் திரட்டிப் பாதுகாக்கச் செனீவாவில் தனிப் பிரிவு உண்டாயிற்று. அதன் பணி பின்னரும் நீட்டிக்கப்பட்டது. சான்றை எப்படித் திரட்ட வேண்டும் என்பதற்குப் பெர்க்கிலிப் பல்கலைக்கழகமும் ஐ.நா. அலுவலகமும் சேர்ந்து 2020-இல் ஒரு நெறிமுறையே வெளியிட்டுள்ளன. பெரிய வித்தை ஒன்றும் இல்லை. மூலக் கோப்பைத் தொடாதே. எடுத்தவர் யார், கொடுத்தவர் யார், எந்த நாள், எந்தக் கருவி என்று எழுதி வை. பிரதியில் மட்டும் கை வை. வாட்ஸ்அப்பில் அனுப்பிய மாத்திரத்தில் படம் சுருங்கிவிடும். உள்ளே பதிந்த விவரங்களும் போய்விடும். ஒவ்வொரு கோப்புக்கும் கைரேகை போல ஓர் எண் உண்டு; ‘ஹாஷ்’ என்பார்கள். ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் மாறும். 2024 சூலை முதல் நடப்புக்கு வந்த நம் நாட்டுச் சாட்சியச் சட்டமும், மின்னணுச் சான்றோடு தரும் சான்றிதழில் அந்த எண்ணைக் கேட்கிறது.

ஒரு கசப்பான செய்தியையும் விழுங்கியாக வேண்டும். ஐ.நா. பொதுச்செயலாளர் அமைத்த மூவர் குழு 2011-இல் அளித்த அறிக்கை, இறுதிப் போரில் நாற்பதாயிரம் வரை மக்கள் இறந்திருக்கக் கூடும் என்றது. அரசுப் படை மருத்துவமனைகளையும் சுட்டது என்றது. அந்தப் பக்கங்களை நாம் மேடைதோறும் படிக்கிறோம். அதே அறிக்கை, புலிகள் மக்களைக் கேடயமாக வைத்ததையும், தப்பியோடியவர்களைச் சுட்டதையும், சிறுவர்களைப் படையில் சேர்த்ததையும் சொல்கிறது. அந்தப் பக்கங்களைக் கிழித்துவிட்டுச் சாட்சி சொல்லப் போனால் கூண்டில் நிற்கும் நம்மை யார் நம்புவார்? என் நண்பனின் முகாமில் இரு பக்கத்துக் குண்டிலும் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் அடுத்தடுத்த வீட்டில் இருக்கிறார்களாம்.

அவன் சொன்ன மற்றொரு செய்திதான் இதை எழுதத் தூண்டியது. அவன் தாயிடம் ஒரு பழைய நோக்கியா இருக்கிறது. வன்னியிலிருந்து வந்த உறவினர் ஒருவர் கொடுத்தது. பாட்டரி செத்துப் பல ஆண்டாயிற்று. அதற்குள் ஏதோ படம் இருக்கிறதென்று அந்த அம்மா சொல்வார், திறந்து பார்த்ததில்லை. இதைக் கேட்டதும் நம் குழுவில் ஒரு நண்பர் துள்ளினார்: “கொண்டு வாடா, கிழக்கேகோட்டையில் தெரிந்த கடை இருக்கிறது, ஃப்ளாஷ் போட்டுத் திறந்துவிடலாம், மே 18-க்கு ரீல் போட்டால் இலட்சம் பேர் பார்ப்பார்கள்.” ஃப்ளாஷ் போட்டால் உள்ளே இருப்பது அனைத்தும் துடைத்தெறியப்படும் என்று அவருக்குத் தெரியாது. அதைவிட, அந்தப் படத்தில் இருக்கும் முகங்களின் தாய் தகப்பன் இன்றும் கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ வாழக்கூடும் என்று அவருக்குத் தோன்றவில்லை. ஒரு மாதத்துக்கு முன்னால் எனக்கும் தோன்றியிராது.

காரியவட்டத்தில் நம் சட்டத் துறை ஆசிரியர் ஒருவரிடம் போய்ப் பேசினோம். கருவியை இயக்க வேண்டா, மெமரி கார்டைக் கழற்ற வேண்டா, உறையில் இட்டு, எப்போது யார் கையிலிருந்து வந்தது என்று அந்த அம்மா சொல்லச் சொல்ல அவர் மொழியிலேயே எழுதி வாங்குங்கள், அவர் இசைந்தால் மட்டும் மேற்கொண்டு பார்ப்போம் என்றார். உறை வாங்கி வைத்திருக்கிறேன். நண்பன் இருமுறை ஊருக்குப் போய்த் திரும்பிவிட்டான். அம்மா இன்னும் சரி என்று சொல்லவில்லை. அவசரப்படுத்தாதே என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன்.